பதினான்காவது வரி

எதை எழுதினாலும் ஒரு தாளின் ஒரு பக்கத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது என் பழக்கம். அதைத் தாண்டினால் யாரும் படிப்பதில்லை. தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதுகூட இல்லை. இந்த வாக்குமூலத்தையும் அப்படியே முடித்துவிடலாம் என்றுதான் வந்தேன். ஆனால் உங்கள் தட்டச்சர் அம்மா இப்போதே நான்கு தாள்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு அனுபவம் அதிகம்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அதற்கு முதலில் நீலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பொது நூலகத்தின் மாடியில் கணினி அறை இருக்கிறது. வருபவர்களுக்குப் பதினோரு கணினிகள். பன்னிரண்டாவது, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உள்ளறையில்; அது எனக்கு. பலகையில் ‘கணினி உதவியாளர்’ என்று எழுதியிருக்கிறது. வாயில் வருவது ‘கம்ப்யூட்டர் தம்பி’. எனக்கு நாற்பத்தெட்டு வயது. தம்பி என்று கூப்பிடுபவர்களில் பாதிப் பேர் என்னைவிடச் சின்னவர்கள். நான் ஆட்சேபிக்கவில்லை. வீட்டில் என்னை யாரும் எப்படியும் கூப்பிடுவதில்லை. ‘இதோ பாருங்க’ என்று தொடங்கி நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்கள்.

அந்தப் பதினோரு திரைகளிலும் ஒரு நீலப் படம் இருக்கும். பழைய பிரவுசர். அதைச் செய்தவர்களே அதைக் கைகழுவிப் பல வருஷம் ஆகிறது. ஆனால் எங்கள் அறைக்கு வருபவர்களுக்கு அது பிரவுசர் இல்லை, அதுதான் இன்டர்நெட். அதன் பெயர்கூட யாருக்கும் தெரியாது. ‘நீலத்த அமுக்கு’ என்பார்கள். நீலம் திறக்க ஒன்றரை நிமிஷம் ஆகும். அதற்குள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளலாம், பக்கத்து நாற்காலியில் குசலம் விசாரிக்கலாம். வேகமாகத் திறந்திருந்தால் பலருக்கு அது பிடித்திருக்காது என்பது என் கருத்து. வாசல் கதவைத் தட்டிய உடனே யாராவது படாரென்று திறந்தால் நாமே ஓரடி பின்வாங்குகிறோம் அல்லவா?

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதத்தில் ஒரு தாள் தயாரித்தேன். அரசுத் துறையின் தளத்தில் எந்த உதவிக்கு மனுப் போடுவதானாலும் வழி ஒன்றுதான். அதைப் பதினான்கு வரிகளில் எழுதினேன். முதல் வரி: நீலத்தை இரண்டு முறை அமுக்கவும். இரண்டாவது வரி: காத்திருக்கவும். மூன்றாவது வரி: இன்னும் காத்திருக்கவும். இப்படியே போய், பதினான்காவது வரி: ‘உங்கள் மனு பெறப்பட்டது’ என்று வரும், எழுந்து போகலாம்.

எடுப்பான பெரிய எழுத்தில் சரியாக ஒரு பக்கம். நானூறு பிரதிகள் எடுத்து, ஒவ்வொன்றையும் என் கையாலேயே லேமினேட் செய்தேன். சிலர் அதைக் கைப்பையில் வைத்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார், தினமும் வருவார். தன் பர்ஸில் பேத்தியின் படத்துக்கு முன்னால் அந்தத் தாளை மடித்து வைத்திருப்பார். லேமினேட் செய்ததை எப்படி மடித்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மனிதன் எழுதிய ஒன்றை இன்னொரு மனிதன் அப்படி வைத்துக்கொள்வதைப் பார்த்தால் மனதுக்கு என்ன ஆகும் என்பதை, நீங்கள் அறிக்கைகள் எழுதுபவர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீலத்தை மாற்றும்படி தலைமை அலுவலகம் சொன்னதை நான் செய்யவில்லை என்று குற்றப்பத்திரிகையில் இருக்கிறது. அது சரியில்லை. செய்தேன். ஒரு திங்கட்கிழமை பதினோரு கணினிகளிலும் நீலத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். பத்தரை மணிக்கு டிரைவர் உள்ளறைக் கண்ணாடியைத் தட்டினார்.

“தம்பி, இன்டர்நெட்ட யாரோ எடுத்துட்டாங்க.”

“எடுக்கலங்க. மாத்தியிருக்கு. இது புதுசு.”

“புதுசா? பழசுக்கு என்ன கேடு?”

“பழசு பாதுகாப்பு இல்லையாம்.”

“யாருக்கு? இருபத்தெட்டு வருஷம் பிரேக் புடிக்காத வண்டிய ஓட்டுனவன் நான். எங்கிட்ட வந்து பாதுகாப்பு சொல்றியே.”

தையற்காரப் பெண் ஒருவர் அன்றைக்கும் வந்திருந்தார். அவரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கும். அவருக்கு எல்லாமே அளவுதான். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துத் திரையில் வைத்து அளந்தார். “இடது ஓரத்துலேர்ந்து ரெண்டரை இஞ்ச், மேலேர்ந்து நாலு. அங்கதான இருக்கும்? ஒண்ணுமே இல்லண்ணா” என்றார். தைத்த சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களிடம் பேசுவதுபோலப் பேசினார், தப்பு தன்னுடையதுதான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை ஏழு பேர் வந்தார்கள். புதன்கிழமை மூன்று பேர். அதில் ஒருவர் மின்விசிறிக்காக. வியாழக்கிழமை காலை நீலத்தைப் பழைய இடத்தில், இரண்டரைக்கு நாலு இஞ்சில், திரும்ப வைத்தேன். டிரைவர் கை தட்டினார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. என் கல்யாணத்தில்கூடக் கொட்டாவிதான் விட்டார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு ஒருவர் வந்தார். “அப்டேட் பண்ணியாச்சா?” என்று கேட்டார். “பண்ணியாச்சு” என்றேன். பண்ணியது உண்மைதானே. அவர் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, தன் மின்னஞ்சலைப் பார்க்க நான்காம் எண் கணினியில் உட்கார்ந்தார். தேடவே இல்லை, கை நேராக நீலத்துக்குப் போனது. போகும்போது, “வீட்லயும் இதுதான் வச்சிருக்கேன். புதுசெல்லாம் கண்ணக் கூசுது” என்றார். அவர் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம். நல்ல மனிதர்.

பிறகு மஞ்சள் பட்டை வந்தது. நீலத்தைத் திறந்து துறையின் தளத்துக்குப் போனால் மேலே ஒரு பட்டை: ‘நீங்கள் பயன்படுத்துவது மிகவும் பழையது. உடனே மாற்றவும்.’ டிரைவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “யார இவன் பழசுங்கறான்?” என்று கேட்டார். மற்றவர்களும் அதைச் சொந்த விஷயமாகவே எடுத்துக்கொண்டார்கள். நான் பட்டையை மறைத்துவிட்டேன். ஒருவர் வயதை முகத்துக்கு நேரே சொல்வது மரியாதையில்லை.

இதுவரை சொன்னதில் குற்றம் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். தட்டச்சர் அம்மா தலையசைக்கிறார். நன்றி.

தையற்காரப் பெண்ணுக்கு ஒரே மகள். அப்போது நான்கு வயது மூன்று மாதம். நாங்கள் ‘வாலு’ என்றுதான் கூப்பிடுவோம், கூப்பிட்டு அவளுக்குக் கேட்காது என்றாலும். பிறவியிலேயே காது கேளாது. காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷனை அந்தத் துறைதான் இலவசமாகச் செய்து தருகிறது. ஐந்து வயது முடிவதற்குள் மனு போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த வயதுக்குள் வைத்தால்தான் பேச்சும் ஒழுங்காக வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொந்தச் செலவில் செய்துகொள்வது அந்தத் தாய்க்கு ஆகிற காரியம் இல்லை. இதையெல்லாம் அவர் முதல் நாளே என்னிடம் சொன்னார். தாளின் ஒன்பதாவது வரியையும் விரலால் தொட்டுக் காட்டினார்: பிறந்த தேதியைச் சரியாகப் போடவும், வயது வரம்பு உண்டு. நான் எழுதிய வரிதான்.

அவர் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வந்தார். வாலு பக்கத்து நாற்காலியில் ஏறி, என் முத்திரையை எடுத்துத் தன் முழங்கால் முழுக்க ‘கணினி அறை’ என்று குத்திக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, ஏழாவது வரி வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு. எட்டுல வெள்ளையா நிக்குது. நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா?”

பார்த்தேன். துறை தன் தளத்தை மாற்றியிருந்தது. நீலத்தில் இனி அது திறக்காது. அவர் முகத்தையும் பார்த்தேன். கையில் என் தாள். அதில் எட்டாவது வரியின் மேல் அவருடைய விரல்.

“இல்லம்மா, நீங்க ஒண்ணும் பண்ணல. அங்கதான் ஏதோ நெரிசல். நாளைக்கு வாங்க” என்றேன்.

அன்று மதியம் நான் சாப்பிடப் போகவில்லை. தாள் தயாரித்தபோது துறையின் பழைய பக்கங்களையெல்லாம் சேமித்து வைத்திருந்தேன். அவற்றை என் உள்ளறைக் கணினியில் ஏற்றி, பதினோரு கணினிகளிலிருந்தும் துறையின் முகவரியைக் கேட்டால் என் கணினிக்கு வந்து சேரும்படி செய்தேன். பெரிய வித்தை இல்லை. ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். மறுநாள் அவர் வந்தார். எட்டு வந்தது, ஒன்பது வந்தது, பதினான்காவது வரியும் வந்தது. ‘உங்கள் மனு பெறப்பட்டது.’ கீழே ஒன்பது இலக்கத்தில் ஒரு மனு எண். அவர் எழுந்து நின்று திரையைக் கும்பிட்டார். திரைக்குப் பின்னால் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் நான்.

பெறப்பட்டது என்பது பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நான் பெற்றுக்கொண்டேன்.

உள்ளறைக் கணினியில் புதிய பிரவுசர் இருந்ததே, அதிலிருந்து நீயே அனுப்பியிருக்கலாமே என்று உங்கள் உதவியாளர் கேட்டார். நியாயமான கேள்வி. என் சொந்த வேலைகளுக்கெல்லாம் நான் புதியதைத்தான் பயன்படுத்துகிறேன். பழையதில் யார் மாரடிப்பது. அனுப்பலாம் என்றுதான் ‘பிறகு’ என்று ஒரு கோப்புறை திறந்து, அதில் மனுவைப் போட்டு வைத்தேன். ஆனால் புதிய தளத்தில், மனுவை அனுப்பியதும் மனுதாரரின் கைபேசிக்கு ஓர் எண் வருகிறது. அதை அவர் சொன்னால்தான் மனு போகும். அப்படியொரு எண் வரும் என்று என் தாளில் இல்லை. சொல்வதானால் பதினைந்தாவது வரி எழுத வேண்டும். பக்கத்தில் இடமில்லை. நானூறும் லேமினேட் ஆகிவிட்டது. அதற்கும் மேலே, தாள் தப்பு என்று அத்தனை பேரிடமும் சொல்ல வேண்டும். அவர்கள் வேறு எதை நம்பி வருகிறார்கள்?

அடுத்த வாரம் டிரைவர் மனுப் போட்டார், பிறகு மற்றவர்கள். எல்லோருக்கும் மனுவை அனுப்பிய அரை நிமிஷத்தில் பதினான்காவது வரி வந்தது. சில நாட்களில் மனு என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தார்கள். அதற்கும் ஒரு பக்கம் செய்தேன். எண்ணைப் போட்டால் ‘உங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்று வரும். யார் எந்த எண்ணைப் போட்டாலும் அதுதான் வரும். இது எத்தனை நாள் தாங்கும் என்று முதலில் கொஞ்சம் உதறல் இருந்தது. பதினோரு மாதம் தாங்கியது. ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. துறைக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குத் தெரியவில்லை என்பதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

வித்தியாசம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார், டிரைவர். “டிப்போல நான் போட்ட மனுவுக்கு ஒன்பது வருஷமா ஈ காக்கா பதில் சொல்லல. இங்க பாரு, தட்டுன உடனே பரிசீலனைங்கறான். ஆளு மாறிட்டாங்கடா” என்று அறை முழுக்கச் சொன்னார்.

ஆளு மாறியிருந்தது என்னவோ உண்மைதான்.

பக்கத்துத் தெருக்களிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். வீட்டில் புதிய கணினி வைத்திருந்தவர்கள்கூட வந்தார்கள். அங்கே ஏதேதோ எண் கேட்கிறதாம், இங்கே சுலபமாகப் போய்விடுகிறதாம். நூலகர் அம்மாவுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, எங்கள் மையத்திலிருந்து ஒரு புகாரும் இல்லை என்று. அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். “எல்லாம் உங்களாலதான், கம்ப்யூட்டர் தம்பி” என்றார். நான் மறுக்கவில்லை.

‘கருத்து’ என்று ஒரு கட்டமும் வைத்தேன். அது எதற்கு என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். மக்கள் அதில் கடிதங்கள் எழுதினார்கள். தையற்காரப் பெண் வாரம் ஒருமுறை எழுதுவார். ‘ஐயா, என் மகள் இன்று தெருவில் பின்னால் வந்த வண்டிச் சத்தம் கேட்காமல் நடுவில் நின்றுவிட்டாள். தயவுசெய்து சீக்கிரம் பார்க்கவும்.’ பதில் போடாமல் எப்படி இருப்பது? மனம் என்று ஒன்று இருக்கிறதே. ‘அம்மா, உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது. மகளைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லவும். உங்கள் மனுவை மறக்கவில்லை’ என்று எழுதினேன். ஒவ்வொரு பதிலையும் மூன்று முறை திருத்தி எழுதியிருக்கிறேன். சொற்கள் உலர்ந்து இருக்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அவர் அதை அச்செடுத்துக் கடையில் தையல் இயந்திரத்துக்கு மேலே ஒட்டி வைத்தார். ஒருநாள் என்னிடம், “கவர்மெண்ட்ல இப்படி எழுதுவாங்களாண்ணா? படிச்சா அழுகையே வந்துடுது” என்றார். அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

ஏழாவது மாதத்தில் அவர் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டார். “அண்ணா, அஞ்சு வயசு முடிய இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. நேர்லயே ஆபீசுக்குப் போய் ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடட்டுமா?”

“வேண்டாம்மா. நேர்ல போனா, அவசரப்படுறீங்கன்னு கோப்ப அடியில தள்ளிடுவாங்க” என்றேன். துறைகளைப் பற்றிப் பொதுவாக இது உண்மை.

பிறந்தநாள் விஷயத்துக்கு வருகிறேன். படிவத்தில் பிறந்த தேதி இருக்கிறதே என்று, அன்றைக்குத் தானாக ஒரு வாழ்த்துப் போகும்படி ஏற்பாடு செய்திருந்தேன். டிரைவருக்குப் போனபோது அவர் மூன்று நாள் அதையே பேசினார். வாலுவுக்கும் போனது. ‘ஐந்தாம் பிறந்தநாள் காணும் உங்கள் மகளுக்குத் துறையின் அன்பான வாழ்த்துகள்.’ அன்று தையற்காரப் பெண் அறை முழுக்க மிட்டாய் கொடுத்தார். “பாத்தீங்களா, தேதி ஞாபகம் வச்சிருக்காங்க. அப்ப கண்டிப்பா தருவாங்க” என்றார். வாலு புதுச் சட்டையில் வந்து எனக்கும் ஒன்று நீட்டினாள். ஆரஞ்சு மிட்டாய். நான் வாயில் போட்டுக்கொண்டேன். வயது வரம்பு அன்றோடு முடிகிறது என்பது எனக்குத் தெரியும். அலுவலகம் ஐந்தரை மணி வரை திறந்திருக்கும் என்பதும் தெரியும். அப்போது மணி பதினொன்றே கால். அவர்கள் எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் திட்டி அனுப்பினார் என்று அவர் என்னிடம் சொல்லாமலே துறை அலுவலகத்துக்குப் போனார். ஜன்னலில் இருந்தவர் எண்ணைப் பார்த்துவிட்டு, “இது எங்க நம்பரே இல்லம்மா. எங்க நம்பர் எழுத்துல ஆரம்பிக்கும். எங்க குடுத்தாங்க?” என்று கேட்டிருக்கிறார்.

அங்கிருந்து நேராக நூலகத்துக்கு வந்தார், மகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு. திட்டவில்லை. உள்ளறைக்குள் வந்து என் முன்னால் நின்றார். டிரைவரும் மற்றவர்களும் எழுந்து வந்து வாசலில் நின்றார்கள்.

“அண்ணா, என் மனு எங்க இருக்கு?”

‘பிறகு’ என்ற கோப்புறையைத் திறந்து காட்டினேன். இருநூற்றுப் பதின்மூன்று மனுக்கள், வந்த தேதி வரிசைப்படி. முதலில் அவருடையது. ஒன்றுகூடத் தொலையவில்லை.

“அந்தப் பதிலெல்லாம் எழுதினது யாரு?”

“நான்தாம்மா.”

“பிறந்தநாளுக்கு வாழ்த்து வந்துச்சே?”

“அது தானாப் போயிடும்மா. நீங்க குடுத்த தேதிய வச்சு.”

அவர் கழுத்தில் டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

“அப்ப தேதி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார்.

இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். இத்தனை கேள்விகளில் அது ஒன்றுக்குத்தான் பதில் வரவில்லை. அது கேள்விகூட இல்லை.

மேலே சொன்ன அனைத்தையும் நானே செய்தேன். யாரும் தூண்டவில்லை. இருநூற்றுப் பதின்மூன்று பேருடைய மனுக்களையும் போகவிடாமல் நிறுத்தி வைத்தவன் நான்தான். அந்தக் குழந்தையின் மனு போகாது என்று தெரிந்தே அவள் தாயை நேரில் போகவிடாமல் தடுத்தவனும் நான்தான். இதை எழுதிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உங்களுக்கு உதவும். நேற்று இங்கே பெஞ்சில் காத்திருந்தபோது தாளை வாங்கிப் பதினைந்து வரிகளாக எழுதிப் பார்த்தேன். எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் ஒரே பக்கத்தில் அடங்கிவிடுகிறது. அரை மணி நேர வேலை. வேண்டுமானால் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேஜைக் கணினியிலும் நீலம்தான் இருக்கிறது, பார்த்தேன்.

டிரைவர் என் சட்டையைப் பிடித்த பிறகு நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. நாற்காலி விழுந்தது, கண்ணாடித் தடுப்பு உடைந்தது, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், அந்தத் தாய் அழுத சத்தம் கீழே தெருவரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். அந்த நேரம் முழுக்க வாலு நான்காம் எண் கணினிக்கு முன்னால் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தன் கையில் ‘கணினி அறை’ என்று முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். திரும்பியே பார்க்கவில்லை. நல்ல வேளை, குழந்தைக்கு எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு நிம்மதி எனக்கு இருக்கிறது.